மைட்டோகாண்ட்ரியாவும் அயனிகளும்: ஓர் ஆராய்ச்சி வாழ்க்கை எதனால் ஆனது?

பெங்களூர் அல்சூரில் வசிக்கும் தமிழ் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் மகள் உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடிக்கப் போகிறாள். மைட்டோகாண்ட்ரியாவில் அயனிகள் எப்படி உள்ளே போகின்றன, வெளியே வருகின்றன என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்கிறாள். அதெல்லாம் பாடப்புத்தகத்தில் எழுதி முடித்துவிட்ட விஷயம் இல்லையா? இந்தத் துறையில் ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?”

ஐயா, தங்கள் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். முடிந்துபோகவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் நுழைகிறது என்பது 1961, 1962 ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. அது நுழையும் வாசலாக இருக்கும் புரதம் எது என்பது 2011-இல்தான் தெரிந்தது. இடையிலான ஐம்பது ஆண்டுகளில் மூன்று தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் ஒரே கேள்வியோடு வாழ்ந்தார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் விரிவான பதில் தேவை. நானும் இதே ஊரில் இதே துறையில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்பதால், அந்த வாழ்க்கை உள்ளிருந்து எப்படித் தெரிகிறதோ அப்படியே எழுதுகிறேன்.

மைட்டோகாண்ட்ரியா ‘உயிரணுவின் ஆற்றல் நிலையம்’ என்று பள்ளியிலேயே எல்லோரும் படித்துவிடுகிறோம். அந்த ஆற்றல் அங்கே எந்த வடிவில் இருக்கிறது என்பதோ இருபதாம் நூற்றாண்டு உயிர்வேதியியலின் பெரிய வழக்குகளுள் ஒன்று. உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சென்று சேர்வதும், அதே நேரத்தில் உயிரணு தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாவதும் 1950-களில் நன்றாகவே தெரிந்திருந்தன. இரண்டையும் இணைப்பது ஆற்றல் செறிந்த ஏதோ ஒரு வேதிச்சேர்மமாகத்தான் இருக்க வேண்டும் என்று உலகின் சிறந்த ஆய்வகங்கள் பல ஆண்டுகள் அதைத் தேடின. யாருக்கும் அது கிடைக்கவில்லை. 1961-இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அப்படி ஒரு சேர்மமே இல்லை என்றார். எலக்ட்ரான்கள் கைமாறும்போது புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அயனிகள், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டி வெளியே தள்ளப்படுகின்றன. சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே அதனால் உண்டாகும் அமிலத்தன்மை வேறுபாடும் மின்னழுத்த வேறுபாடுமே சேமிக்கப்பட்ட ஆற்றல். புரோட்டான்கள் திரும்பி உள்ளே பாயும்போது ஏடிபி உருவாகிறது என்பது அவருடைய கருதுகோள். ஆக, ஏடிபி உற்பத்தி என்பதே அடிப்படையில் ஓர் அயனிக் கடத்தல்தான். தங்கள் மகள் தேர்ந்தெடுத்த தலைப்பு ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் சிறு பிரிவு அன்று. முழுத் துறையும் அதன்மீதுதான் நிற்கிறது.

மிட்செலின் வாழ்க்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகப் பணியை 1963-இல் உடல்நலக் குறைவால் விட்ட அவர், கார்ன்வால் பகுதியில் போட்மின் ஊருக்கு அருகே கிளின் ஹவுஸ் என்ற பாழடைந்த மாளிகையைச் செப்பனிட்டு அங்கேயே சொந்த ஆய்வகம் அமைத்துக்கொண்டார். 1978-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கேட்க அழகாக இருக்கும் இந்தக் கதையைப் பிழைப்புக்கு முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. குடும்பச் சொத்து இருந்ததால்தான் அவரால் அப்படி வாழ முடிந்தது. தங்கள் மகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஜெனிஃபர் மாய்ல். கேம்பிரிட்ஜ் காலத்திலிருந்து மிட்செலோடு பணியாற்றியவர். ஆக்சிஜன் இல்லாமல் வைத்திருந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சிறிதளவு ஆக்சிஜனைச் செலுத்தி, மறுகணம் வெளிக்கரைசலில் அமிலத்தன்மை கூடுவதை அளந்த சோதனைகள் அவர் கைப்பட நடந்தவை. கருதுகோள் ஒருவர் பெயரில் நிலைத்துவிட்டது. அதை நம்பும்படி செய்த கைகளையும் நாம் மறக்கக் கூடாது.

உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1966-இல் ஆண்ட்ரே ஜாகெண்டார்ஃபும் எர்னெஸ்ட் உரிபேயும் கீரையிலிருந்து பிரித்த, வழக்கமாக ஒளியின் துணையால் ஏடிபி உண்டாக்கும் பசுங்கணிகங்களை முதலில் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். வெளிச்சமே படாத இருட்டில் ஏடிபி உருவாயிற்று. அமிலத்தன்மை வேறுபாடு மட்டுமே அதற்குப் போதுமானதாக இருந்தது. 1974-இல் எஃப்ரைம் ராக்கரும் வால்டர் ஸ்டோக்கேனியஸும் செயற்கைக் கொழுப்புப் பைகளில், ஒளிபட்டால் புரோட்டானைக் கடத்தும் பாக்டீரியப் புரதத்தையும் மாட்டு இதய மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி உருவாக்கும் நொதியையும் சேர்த்துப் பதித்தார்கள். இயற்கையில் ஒன்றையொன்று சந்தித்தே இராத அந்த இரண்டு புரதங்களுக்கும் இடையே புரோட்டான் ஓட்டத்தைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் இருக்க வழியில்லை. ஒளி பட்டதும் ஏடிபி வந்தது. எதிர்ப்பு பெருமளவு ஓய்ந்ததற்கு இந்தச் சோதனை முக்கியக் காரணம். இத்துறையில் இதைவிடத் தெளிவான ஒரு சோதனையை நான் படித்ததில்லை.

இனி கால்சியத்துக்கு வருகிறேன். என் மனம் அதிகம் தங்கிய இடம் இதுவே. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு இருபுறமும் ஏறத்தாழ 180 மில்லிவோல்ட் வேறுபாடு உண்டு. உட்புறம் எதிர்மின் பக்கம். எண் சிறியதாகத் தோன்றும். சவ்வின் தடிமனோ சுமார் 6 நானோமீட்டர்தான் என்பதால், கணக்கிட்டுப் பார்த்தால் மின்புலம் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது. காற்றில் மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்டிலேயே பொறி பறந்துவிடும். கால்சியம் இரட்டை நேர்மின்சுமை கொண்ட அயனி. தடையில்லாமல் நுழைய விட்டால், இந்த மின்னழுத்தத்தில் வெளியே இருப்பதைப் போல 10 லட்சம் மடங்கு உள்ளே சேர வேண்டும். ஓய்வு நிலையில் இருக்கும் ஓர் உயிரணுவில் அப்படி எதுவும் நடப்பதில்லை. உள்ளும் புறமும் தனித்திருக்கும் கால்சியத்தின் செறிவு கிட்டத்தட்ட ஒரே அளவில், 0.1 மைக்ரோமோலார் அளவை ஒட்டியே இருக்கிறது. இவ்வளவு பெரிய விசை இழுத்துக்கொண்டே இருக்கும்போது கால்சியம் ஏன் வெள்ளமாக உள்ளே பாய்வதில்லை? ஐம்பதாண்டுத் தேடலைச் செலுத்தியது இந்தக் கேள்விதான்.

இதை ஆய்வகத்தில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தங்கள் மகளின் நாள்கள் பெரும்பாலும் இப்படித்தான் கழியும். விடியும் முன்பே குளிர் அறையில் வேலை தொடங்கும். எலியின் ஈரலைப் பனிக்கட்டியில் வைத்த சுக்ரோஸ் கரைசலில் கழுவி, நறுக்கி, கண்ணாடிக் குழலுக்குள் டெஃப்லான் உலக்கையால் மெதுவாக மேலும் கீழும் அழுத்தி அரைக்க வேண்டும். வேகமாக அழுத்தினால் உலக்கை மேலேறும்போது வெற்றிடம் உண்டாகி, சவ்வுகள் கிழிந்துவிடும். பிறகு குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜில் முதலில் மெதுவான சுழற்சி. உடைந்த உயிரணுக்களும் உட்கருக்களும் அடியில் தங்கும். மேலே நிற்கும் நீர்மத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால் மைட்டோகாண்ட்ரியா காவிநிறப் படிவாக இறங்கும். அதன்மேல் வெண்ணிறத்தில் தளர்வாக நிற்கும் படலத்தைக் களைய வேண்டும். அடியில் சிவப்பாகத் தெரிவது இரத்த அணு, அதையும் சேர்க்கக் கூடாது. இந்தக் கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலிருந்தும் வராது. தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று பழக வேண்டும்.

அந்தப் படிவில் சிறிது எடுத்து ஆக்சிஜன் எலக்ட்ரோடு பொருத்திய சிறு கலத்தில் இட்டு, எரிபொருளாகச் சக்சினேட் சேர்த்தால், கலத்தில் உள்ள ஆக்சிஜன் மெல்லக் குறையும். திரையில் ஒரு சரிவான கோடு ஓடும். ஏடிபி சேர்த்தால் ஒன்றும் ஆகாது. ஏடிபியின் மூலப்பொருளான, அதைவிட ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட் சேர்த்தால் கோடு சட்டென்று செங்குத்தாக இறங்கும். அது தீர்ந்ததும் பழைய சரிவுக்கே திரும்பும். இரண்டு சரிவுகளின் விகிதம் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைய தயாரிப்பை நம்பலாம்; 2-ஐ ஒட்டி வந்துவிட்டால் கொட்டிவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல தயாரிப்பும் சில மணி நேரமே தாங்கும் என்பதால், முக்கியமான அளவீடுகள் மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும். இப்போது கால்சியத்தைச் சிறிதளவு சேர்த்தால், அதேபோலக் கோடு செங்குத்தாக இறங்கிப் பிறகு தானாக நிதானத்துக்கு வரும். கால்சியம் உள்ளே நுழைவதற்குச் சவ்வின் மின்னழுத்தம் செலவாகிறது. அதை ஈடுகட்ட மைட்டோகாண்ட்ரியா கூடுதலாக மூச்சுவிடுகிறது. ருத்தேனியம் ரெட் என்ற சிவப்புச் சாயத்தை மிகச் சிறிதளவு முன்னதாகச் சேர்த்துவிட்டால் அந்த இறக்கமே தோன்றாது. 1971-இல் தெரியவந்த இந்தத் தடைப்பண்பு, கால்சியம் சவ்வில் கசிந்து போகவில்லை, குறிப்பிட்ட ஒரு புரதத்தின் வழியாகவே போகிறது என்பதற்கு வலுவான சான்றாயிற்று. அளவுக்கு மீறிக் கால்சியம் ஊற்றினாலோ கோடு திரும்பவே திரும்பாது. மைட்டோகாண்ட்ரியா உப்பி, சவ்வு ஓட்டையாகிவிடும். மாரடைப்புக்குப் பின் இரத்த ஓட்டம் மீளும்போது இதயத் தசை சேதமாவதில் இந்த நிகழ்வுக்குப் பங்கு உண்டு என்பதால், மருத்துவத் துறையும் இதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது.

அளவீடு என்றதும் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925-இல், கரைசலில் உள்ள பாஸ்பேட்டை மாலிப்டேட்டோடு சேர்த்து நீல நிறமாக மாற்றி அளக்கும் முறையை வகுத்தார். பிறகு தசையில் பாஸ்போகிரியாட்டினையும் ஏடிபியையும் கண்டறிந்தார்கள். ஏடிபியை ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக 1929-இல் கண்டறிந்தார். ஏடிபியைச் செலவழித்து அயனியைக் கடத்தும் நொதிகள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று அறிய, வெளிப்படும் பாஸ்பேட்டை அளப்பதே நேர்வழி. அதற்கு இன்றும் ஆய்வகங்கள் அந்த நீல நிற முறையையோ அதன் வழிவந்த முறைகளையோதான் கையாளுகின்றன. (பாத்திரம் கழுவும் சோப்பில் பாஸ்பேட் இருந்தால் வெற்றுக்குழலும் நீலமாகும். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.) டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957-இல் நண்டின் கால் நரம்பில் கண்ட சோடியம்–பொட்டாசியம் நொதியும் இவ்வகையைச் சேர்ந்ததே: ஓர் ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1997-இல், நாற்பது ஆண்டுகள் கழித்து.

கால்சியத்தின் கதைக்குத் திரும்புகிறேன். 1970-களின் முடிவில் ஒரு சோர்வு வந்தது. மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை இழுக்கும் திறன் மிகப் பெரியது. ஆனால் அது வேலை செய்யப் பல மைக்ரோமோலார் செறிவு வேண்டும். உயிரணுவின் நீர்மத்திலோ கால்சியம் உச்சத்திலும் 1 மைக்ரோமோலாரைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. அப்படியானால் இது சோதனைக் குழாயில் மட்டும் தெரியும் விளைவா என்று பலர் ஐயுற்றார்கள். அந்த ஐயத்தைத் தீர்த்தது இத்தாலியின் பதுவா நகரம். ரொசாரியோ ரிசுட்டோ, துல்லியோ போசான் குழுவினர் ஜெல்லிமீனிலிருந்து கிடைக்கும் ஏக்குவோரின் என்ற, கால்சியம் பட்டால் ஒளிரும் புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே அனுப்பி, உயிருள்ள உயிரணுவில் அங்கே கால்சியம் ஏறி இறங்குவதை 1992-இல் நேரடியாகக் காட்டினார்கள். கால்சியத்தைச் சேமித்து வைக்கும் எண்டோபிளாசமிக் வலை மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டி நிற்கும் இடங்களில் மட்டும், கணநேரம், செறிவு மிக உயர்கிறது. அந்த இடத்தில் அந்த வாசல் திறக்கிறது. உள்ளே போகும் கால்சியம் பைருவேட்டையும் சிட்ரிக் அமிலச் சுழற்சியையும் கையாளும் சில நொதிகளை முடுக்கிவிடுவதால், தசை சுருங்கும்போது தேவைப்படும் ஏடிபி உரிய நேரத்தில் கிடைக்கிறது.

அந்த வாசல் ஓர் அயனிக் கால்வாய்தான் என்பதை 2004-இல் டேவிட் கிளாப்ஹமின் குழு, வெளிச்சவ்வு நீக்கிய மைட்டோகாண்ட்ரியாவில் நுண்ணிய கண்ணாடிக் குழலைப் பொருத்தி மின்னோட்டத்தை அளந்து நிறுவியது. ஆனாலும் எந்த மரபணு என்று தெரியவில்லை. கண்டுபிடிக்கப்பட்ட விதம் அழகானது. சாதாரண ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவில் இந்தக் கால்சியக் கடத்தல் இல்லை, நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணியில் இருக்கிறது, பாலூட்டிகளில் இருக்கிறது. இந்த ஒப்பீடு பழைய உயிர்வேதியியலாளர்கள் பொறுமையாக அளந்து வைத்துவிட்டுப் போனது. 2008-இல் வம்சி மூத்தாவின் குழு எலி மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களுக்கு 1,098 மரபணுக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பட்டியலில் பாலூட்டியிலும் ஒட்டுண்ணியிலும் இருந்து, ஈஸ்ட்டில் இல்லாதவை எவை என்று வடிகட்டத் தொடங்கியபோது, முதலில் 2010-இல் வாசலின் காவலனான மிக்யு1 என்ற புரதமும், 2011-இல் வாசலான எம்சியு என்ற புரதமும் பிடிபட்டன. எம்சியுவை மூத்தாவின் குழுவும் பதுவாவில் ரிசுட்டோவின் குழுவும் ஒரே சமயத்தில் அறிவித்தன. கால்சியம் ஏன் வெள்ளமாக உள்ளே பாய்வதில்லை என்று முன்பு கேட்ட கேள்விக்கு இங்கேதான் விடை: வெளியே கால்சியம் குறைவாக இருக்கும்வரை மிக்யு1 வாசலை அடைத்து வைக்கிறது, அதையும் மீறி நுழைவதைச் சோடியத்துக்குக் கால்சியத்தை மாற்றும் வேறொரு புரதம் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சோடிய மாற்றம் 1974-லேயே எர்னெஸ்டோ கராஃபோலியால் இதய மைட்டோகாண்ட்ரியாவில் அளக்கப்பட்டிருந்தது.

இதோடு முடிந்ததா என்றால், புதிய புதிர்கள்தான் வந்தன. எம்சியு இல்லாத எலிகள் 2013-இல் உருவாக்கப்பட்டன. அவை இறந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவை வாழ்ந்தன, கடும் உழைப்பில் மட்டும் பின்தங்கின. மாரடைப்புச் சேதத்திலிருந்து அவை தப்பும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. மறுபக்கம், மிக்யு1 மரபணு பழுதான குழந்தைகளுக்குத் தசைத் தளர்ச்சியும் கற்றல் குறைபாடும் அசைவுக் கோளாறுகளும் வருவது 2014-இல் தெரியவந்தது. வாசல் இல்லாவிட்டால் ஓரளவு சமாளிக்கும் உடல், காவலன் இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு துன்பப்படுகிறது? இதயத்துக்கும் ஈரலுக்கும் தசைக்கும் இடையே காவல் ஏன் வேறுபடுகிறது? தங்கள் மகள் சேரப்போகும் ஆய்வகத்தில் அடுத்த பத்தாண்டுகளுக்கு வேலை தரப் போதுமான கேள்விகள் இவை. அதோடு, இத்துறை மருந்துக்கு உதவாது என்று யாராவது சொன்னால், காசநோய்க் கிருமியின் ஏடிபி உருவாக்கும் நொதியைத் தடுத்து வேலை செய்யும் பெடாகுவிலின் மருந்தை நினைவுபடுத்தலாம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் மிகுந்த நம் நாட்டில் அதன் மதிப்பு எல்லோருக்கும் தெரியும்.

நடைமுறைக்கு வருகிறேன். பெங்களூரில் இருப்பது அவருக்கு நல்வாய்ப்பு. இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறை நூறாண்டு கண்டது; ஜிகேவிகே வளாகத்தில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் அதன் அண்டை நிறுவனங்களும் இருக்கின்றன. சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தகுதி) பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதோடு வீட்டு வாடகைப்படி. பெங்களூர் வாடகையில் சிக்கனமாக வாழலாம், சேமிக்க முடியாது. முனைவர் பட்டத்துக்கு ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். பிறகு பெரும்பாலோர் சில ஆண்டுகள் வெளிநாட்டில் பணியாற்றிவிட்டு, ராமலிங்கசுவாமி மீள்நுழைவு நல்கை போன்ற ஒன்றின் துணையோடு திரும்பி வந்து இடம் தேடுகிறார்கள். முப்பதுகளின் நடுப்பகுதி வரை நிலையான வேலை இராது என்பதைக் குடும்பம் இப்போதே மனம்விட்டுப் பேசி ஏற்றுக்கொள்வது நல்லது. திருமணப் பேச்சும் இந்தக் காலக்கணக்கோடு மோதும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள், அந்த முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிடக் கைப்பழக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மைட்டோகாண்ட்ரியாவை வாரந்தோறும் தாமே பிரித்தெடுக்கும் மூத்த மாணவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். நேர்காணலுக்கு முன்பு அனுமதி கேட்டு ஒரு நாள் அங்கே போய், அண்மையில் பதிவான ஆக்சிஜன் எலக்ட்ரோடு கோடுகளைக் காட்டும்படி கேட்கட்டும். சரியாக வராத நாள்களின் பதிவுகளையும் சேர்த்து எடுத்துக் காட்டும் ஆய்வகமாக இருந்தால், அங்கே தயங்காமல் சேரலாம்.